நான் அடித்துக் கொடுத்த கடிதம்

கிளிநொச்சியில் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகிற ஆட்கள் ஏறி இறங்குகிற பக்கமாக எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி எடுப்பேன், கடிதம் அடித்துக் கொடுப்பேன், அடையாள அட்டை லமினேற் பண்ணுவேன், போனுக்குக் காசு போடுவேன். பதினொரு வருடமாக இதுதான் தொழில். சட்டத்தரணி பார்ப்பதற்கு முன்னமே இங்கத்தைய சனத்தின் தாள்களைப் பார்க்கிற ஆள் நான். கிளினிக் கொப்பி, பொலிஸ் துண்டு, காணி அனுமதிப் பத்திரம், மரணச் சான்றிதழ் எல்லாம் என்னுடைய மெசினின் கண்ணாடிமேல் ஒருமுறை குப்புறப் படுத்துவிட்டுத்தான் போகும்.

2022 தை மாதம். பொங்கல் முடிந்து ஒரு கிழமை இருக்கும். ஒரு அம்மா வந்தார். கூட ஒரு ஆள், கையில் டிப்பர் வாகனத்தின் திறப்பு. அந்த ஆள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மகனுக்கு நடந்த விபத்துக்கு நட்டஈடாக ரூபா 75,000 ஐ முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனிமேல் எவ்விதக் கோரிக்கையும் வழக்கும் மேற்கொள்ளமாட்டேன் என இத்தால் உறுதியளிக்கின்றேன். அந்த ‘இத்தால்’ நான் சேர்த்தது. கடிதம் வடிவாக இருக்கட்டும் என்றுதான் சேர்த்தேன். அம்மா என்னுடைய மேசையில் வைத்து, என்னுடைய பேனையால் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, இதில பிழையொண்டும் இல்லைத்தானே?”

எழுத்துப்பிழையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “இல்லையம்மா, எல்லாம் சரியாத்தான் இருக்கு” என்றேன். இரண்டு பிரதிக்கு நூறு ரூபா வாங்கினேன்.

அதே வருடம் ஆடி மாதம் அவர் திரும்பி வந்தார். பெற்றோலுக்குக் கிலோமீற்றர் கணக்கில் வரிசை நின்ற காலம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கொப்பியைப் பிரதி எடுக்கத் தந்தார். மகனுக்குத் தொடை எலும்பு பொருந்தவில்லை, வைத்த தகட்டை எடுத்து இன்னொருக்கால் ஒப்பரேசன் செய்யவேண்டும், ஒரு கால் மற்றக் காலை விடக் கட்டையாகிவிட்டது. தை மாதம் 200 ரூபாவாக இருந்த டொலர் அந்த நேரம் 360 ஐத் தாண்டியிருந்தது. 75,000 ரூபா எப்போதோ வாகன ஹயருக்கே போய்விட்டது. பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தபடி கேட்டார், “அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப்போட்டா என்ன தம்பி?”

எனக்கு ஒரு பதிலும் தெரியவில்லை. கடிதம் என்னுடைய கணினிக்குள் கிடந்தது. நான் சொல்லியிருக்க வேண்டியது, தை மாதம், அவர் பிழையொண்டும் இல்லைத்தானே என்று கேட்டபோது, ஒரே ஒரு வசனம்: ஒரு லோயரிட்டக் காட்டிப்போட்டு வையுங்கோ அம்மா.

வன்னியில் நட்டஈடு என்ற சொல்லுக்கு ஒரு தனி அர்த்தம் ஏறிப்போய்விட்டது. நட்டஈடு என்றால் படிவம். ஜீ.எஸ் என்கிற கிராம சேவகரிடம் கையெழுத்து, பிரதேச செயலகத்தில் முத்திரை, பிறகு காத்திருப்பு. 2009க்குப் பிறகு எத்தனை படிவம் நான் இந்த மெசினில் எடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வீடு போனதுக்கு, மாடு போனதுக்கு, பிள்ளை போனதுக்கு. 2018 இல் இழப்பீட்டுக்கான அலுவலகம் தனிச் சட்டத்தோடு வந்தபோதும் அதே வரிசை. தருகிறவன் தரும்போது வாங்குவது, தராவிட்டால் இன்னொரு படிவம் நிரப்புவது. இதனால் எங்கள் சனத்துக்கு இரண்டு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஒன்று, நட்டஈடு என்பது யாரோ மனம் வைத்துத் தருவது. மற்றது, அதற்கு அவசரம் இல்லை, பதினைந்து வருடம் காத்திருந்த எங்களுக்கு இன்னும் இரண்டு வருடம் என்ன.

அந்த இரண்டு வருடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச்சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. இன்னொருவரின் கவனயீனத்தால் உங்களுக்குக் காயமோ நட்டமோ வந்தால், அது நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டாகவேண்டும். அடுத்த நாள் போனால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் எதிர்ப்பக்கம் காலம் கடந்துவிட்டது என்று எழுந்து நிற்கும். யுத்தத்தால் நீதிமன்றம் போகமுடியாமல் காணியைப் பறிகொடுத்தவர்களுக்காக 2016 இல் பாராளுமன்றம் அந்தக் கடிகாரத்தை நிறுத்தி ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அது காணிக்கு. உடைந்த காலுக்கு யாரும் கடிகாரத்தை நிறுத்தவில்லை.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னுடைய அண்ணாவின் கால் சொல்லித் தந்தது.

2023 மாசி. காலபோக அறுவடை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற பக்கத்தில் எங்களுக்கு வயல். மாசி மாதம் இந்தப் பக்கத்து உள்வீதிகளில் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், காப்பெற் போட்ட வீதியில் பாதிக்குமேல் நெல் காயும். தார் சூட்டுக்கு அப்படி ஒரு களம் வேறெங்கும் கிடையாது. ஓரத்துக்குக் கல்லு வைத்து, தடி நட்டு, மற்றப் பாதியை வாகனத்துக்கு விடுவார்கள். அன்று பின்னேரம் ஆறரை இருக்கும். அண்ணா மோட்டார் சைக்கிளில் வீடு வருகிறார். பின் லைற் எரிவதில்லை, இரண்டு மாதமாகத் திருத்தவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் மணல் ஏற்றிய டிப்பர். நெல்லில் ஏறக்கூடாது என்று டிப்பர் அண்ணாவின் பக்கம் வெட்டியிருக்கிறது. கைப்பிடியில் தட்டுப்பட்டு அவர் நெல்லுக்குள்ளே போய் விழுந்தார். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. நாங்கள் தூக்கும்போது காயத்துக்குள் நெல்மணி ஒட்டியிருந்தது. இப்போதும் நெல் காய்வதைப் பார்த்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான்.

அந்த நெல் எங்கள் சித்தப்பாவினுடையது.

டிப்பர் முதலாளி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்பிளும் நெஸ்ரமோல்ற்றும் கொண்டுவந்தார். நல்ல மாதிரித்தான் கதைத்தார். “அண்ணை, நாங்கள் ஒரு ஊர்ச்சனம். பொலிஸ், கோடு எண்டு திரியாமல் நாங்களே கதைச்சு முடிப்பம்” என்றார். ஒரு லட்சம் தருவதாகச் சொன்னார். அண்ணாவின் மனைவி, என் மச்சாளுக்கு அந்த நேரம் கையில் இரண்டாயிரமும் இல்லை. எங்கள் அம்மா என்னை வெளியே கூப்பிட்டு, “வாங்குவம் தம்பி. வழக்கெண்டு போனால் சித்தப்பாவின்ர பேரும் வரும், பிறகு குடும்பத்துக்குள்ள பகை” என்றார். அம்மா சொன்னதில் பிழை இல்லை. முதலாளி கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். வேறெங்கோ அடித்தது, ஆனால் வசனம் எல்லாம் அதே வசனம். ‘இத்தால்’ கூட இருந்தது.

நான் “ரெண்டு நாள் பொறுங்கோ” என்றேன்.

சட்டத்தரணி ஒரு பிள்ளை, என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். என் கடைக்குப் பிரதி எடுக்க வருகிறவர், அந்தப் பழக்கத்தில்தான் போனேன். போகும்போது என் தலைக்குள் இருந்தது ஒரே கேள்வி: வழக்குப் போட்டால் எவ்வளவு கிடைக்கும்? அவர் அதைப்பற்றிக் கதைக்கவே இல்லை. முதலில் கேட்டது, “எண்டைக்கு நடந்தது அண்ணா?” திகதியைச் சொன்னேன். பென்சிலால் கொப்பியின் மேல் மூலையில் எழுதி, அதற்குக் கீழே இரண்டு வருடம் கூட்டி இன்னொரு திகதி எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார். இரண்டாவது கேள்வி, “எங்கையாவது கையெழுத்து வைச்சிட்டீங்களோ?” இல்லை என்றேன். அப்போதுதான் கதிரையில் சாய்ந்து இருந்தார்.

பிறகு நான் சித்தப்பாவின் நெல்லை மறைக்கப் பார்த்தேன். வீதியில் நெல் கிடந்தது என்று மட்டும் சொன்னேன். “ஆற்ற நெல்?” என்று கேட்டார். சொல்லவேண்டி வந்தது. பின் லைற் எரியாததையும் சொன்னேன். வழக்கு இனி இல்லை என்றுதான் நினைத்தேன். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1968ஆம் ஆண்டு ஒரு சட்டம் இருக்கிறது என்று விளங்கப்படுத்தினார். காயப்பட்டவரிலும் பிழை இருந்தால், அந்தப் பிழையின் அளவுக்கு நட்டஈடு குறையும், அதற்காகக் கோரிக்கை முழுவதும் அழிந்துபோகாது. பலர் சேர்ந்து செய்த பிழை என்றால் அதைப் பங்கு பிரித்தும் பார்க்கலாம். “நீங்கள் எனக்கு மறைச்சால் எதிர்ப்பக்கத்து லோயர் கோட்டில வைச்சுச் சொல்லுவார். அப்ப எனக்கும் அது புதுசா இருக்கும்” என்றார். நான் எழுதுவதில் ஒன்றையாவது யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். ஹெல்மெட் போடவில்லை, லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை, குறுக்கால் கடந்தேன் என்ற வெட்கத்தில் எத்தனையோ பேர் சட்டத்தரணியிடமே போகாமல் இருக்கிறார்கள். உங்கள் பிழையின் அளவை நீங்களே தீர்மானித்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள்.

சித்தப்பாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து, டிப்பர் எந்தப் பக்கம் வெட்டியது என்று தான் கண்டதைச் சொல்லுவேன், தன்னுடைய நெல்தான் என்றும் சொல்லுவேன் என்றார். குடும்பத்துக்குள் பகை வரும் என்று பயந்த அம்மாதான் அன்று அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

வழக்கு நடக்கிறதுதானே, பிறகேன் லோயர் என்று எங்கள் வீட்டிலும் ஒரு கதை வந்தது. இந்த இடத்தில்தான் மிகப் பெரிய குழப்பம் இருக்கிறது. விபத்து நடந்தால் பொலிஸ் சாரதிமேல் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடும். அது அரசு சாரதியைத் தண்டிக்கிற வழக்கு. அங்கே சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினால் கோவை மூடப்படும். நீதவான் விரும்பினால் காயப்பட்டவருக்குக் கொஞ்ச நட்டஈடு கட்டச் சொல்லலாம், ஆனால் அது இரண்டாவது ஒப்பரேசனுக்கோ, இனி ஏர் பிடிக்கமுடியாத காலுக்கோ கணக்குப் பார்த்துத் தருகிற காசு இல்லை. அந்தக் கணக்கைப் பார்க்கிற இடம் மாவட்ட நீதிமன்றம், அங்கே வழக்காளி நீங்கள். நீங்கள் போடாவிட்டால் யாரும் போடமாட்டார்கள். நீதவான் நீதிமன்றத்தில் தவணை தவணையாகப் போய் நிற்கும்போது எங்கள் சனம் தங்கள் வழக்குத்தான் நடக்கிறது என்று நினைக்கிறது. அது முடியும்போது இரண்டு வருடம் போயிருக்கும். என் கடைக்கு வந்து அழுதவர்களில் பாதிப்பேர் இந்தக் கணக்கில் அகப்பட்டவர்கள்.

பொலிஸ் வாக்குமூலம் இன்னொரு கதை. அண்ணாவிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து வாக்குமூலம் எடுத்தார்கள். ஊசி போட்ட மயக்கம். எழுதியது சிங்களத்தில். கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தார். சட்டத்தரணி பிரதி எடுத்து வாசிப்பித்தபோது, தானே நெல்லில் சறுக்கி விழுந்ததாக இருந்தது. டிப்பர் அதில் இரண்டாம் வசனத்தில்தான் வந்தது. 1987 இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. தமிழில் எழுதுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது, எழுதியதை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்கவும் உரிமை இருக்கிறது. மூன்று நாள் பட்டினியாகக் கட்டிலில் கிடக்கிறவன் அதையெல்லாம் கேட்பானா? கேட்கமாட்டான். அதனால்தான் பக்கத்தில் நிற்கிறவர் கேட்கவேண்டும். சட்டத்தரணி மேலதிக வாக்குமூலம் ஒன்று கொடுக்க ஒழுங்கு செய்தார். ஒரு கிழமைக்குள் போனபடியால் அது நடந்தது. ஒரு வருடம் கழித்துப் போயிருந்தால் அந்த முதல் வாக்குமூலம் கல்லில் எழுதியது மாதிரி நின்றிருக்கும்.

வேளைக்குப் போகவேண்டியதற்கு இன்னும் காரணங்கள் இருக்கின்றன, எல்லாம் சில்லறை போலத் தெரியும். சந்திக் கடையின் சீசீரீவி பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பதியும், பல கடைகளில் இரண்டு கிழமை கூட நிற்காது. நெல்லை அடுத்த நாள் அள்ளிவிடுவார்கள், சக்கரத் தடம் அதோடு போய்விடும். மச்சானின் பொடியன் போனில் எடுத்த நாலு படம்தான் எங்களிடம் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் பொலிஸ் கொடுக்கிற சட்ட மருத்துவப் படிவத்தைச் சட்ட வைத்திய அதிகாரி பார்த்து எழுதினால்தான் காயம் என்ன வகை என்பது பதிவாகும். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக் கோவையின்படி கடுங்காயம். வீட்டுக்கு அவசரமாகத் துண்டு வெட்டிக்கொண்டு வந்துவிட்டால் அந்தப் பரிசோதனையே நடக்காமல் போகலாம்.

இன்னொன்றை நான் கவனித்தேன். டிப்பரின் முன்பக்கம் நசிந்ததைப் படமெடுக்கக் காப்புறுதிக் கம்பனி அசெசர் அன்று இரவே வந்துவிட்டார். முறிந்த காலைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

காப்புறுதி பற்றி ஊரில் இருக்கிற பயத்தையும் சொல்லவேண்டும். வழக்குப் போட்டால் அந்தச் சாரதிப் பொடியனின் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்று அண்ணாவே சொன்னார். காலில் கம்பியோடு படுத்துக்கொண்டு அவர் கவலைப்பட்டது அதைத்தான். அந்தப் பொடியன் கூலிக்கு ஓடுகிறவன், அவனும் எங்களைப் போல ஒருவன். ஆனால் வீதியில் ஓடுகிற எந்தத் தனியார் மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயம். வருடா வருடம் முதலாளி கட்டுகிற அந்தக் காசு இப்படி ஒரு நாளுக்காகத்தான் கட்டப்படுகிறது. வழக்கில் தீர்ப்பு வந்தால் அதைக் கட்டவேண்டிய கடமை காப்புறுதிக் கம்பனிக்கு இருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது: வழக்குப் போடுவதற்கு முன்போ, போட்டு ஏழு நாளுக்குள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்கவேண்டும். இந்த ஏழு நாள் போட்டோக்கொப்பிக் கடைக்காரனுக்குத் தெரியாது, ஜீ.எஸ்ஸுக்கும் தெரியாது. தெரிந்த ஆளிடம் போகவேண்டியதன் காரணமே இந்த மாதிரி நாட்கள்தான்.

அப்படியான நாட்கள் இன்னும் சில இருக்கின்றன. அடித்தது அரச வாகனம், படையினரின் வாகனம் என்றால் வழக்குச் சட்டமா அதிபர்மேல் போடப்படும், ஒரு மாதம் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். ஆகவே இரண்டு வருடம் என்று நினைத்துக் கடைசிக் கிழமை போனால் அங்கே இடறும். பொலிசோ படையோ பிடித்து அடித்த காயம் என்றால் அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், அதற்கு இருப்பது ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் பாதி ஆஸ்பத்திரியில் போய்விடும். அரிசி ஆலையில் பெல்ற்றுக்குள் கை போனது, சூடடிக்கிற மெசினில் விரல் போனது, கட்டட வேலையில் சாரத்தால் விழுந்தது என்றால் வழி வேறு, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் என்று ஒருவர் இருக்கிறார், 1934ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார் என்பதால் அது தீர்ந்துவிடாது. அடித்துவிட்டு நிற்காமல் போன வாகனம் என்றால் வழியே இல்லை என்று விட்டுவிடவேண்டாம், தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையிடம் கேட்கலாமா என்று ஒரு வார்த்தை விசாரிக்கவேண்டும்.

எல்லாத்துக்கும் லோயர் வேண்டுமா? வேண்டாம். சைக்கிள் இடித்து முழங்கை உரசினது, இரண்டு நாளில் ஆறினது, மட்கார்ட் நெளிந்தது, இதற்கெல்லாம் இணக்க சபையும் ஊர்ப் பெரியவர்களும் போதும். டொக்டர் இனிக் கிளினிக் வரத்தேவையில்லை என்று சொல்லி, நீங்கள் பழையபடி வேலைக்கும் போய்விட்டால் கதைத்து முடிப்பது நல்லது. கட்டாக்காலி மாட்டுக்கு வெட்டி விழுந்தவர்கள் மாடு ஆருடையது என்று கண்டுபிடிப்பதற்குள் காயமே ஆறிவிடும், அது வேறு கொடுமை. ஆனால் எலும்பு முறிந்தால், தலையில் அடிபட்டால், பிள்ளை காயப்பட்டால், ஆள் செத்துப்போனால், வேலைக்குத் திரும்ப முடியுமா என்று டொக்டருக்கே தெரியாமல் இருந்தால், யாராவது ஒரு தாளை நீட்டினால், அன்றே போங்கள். போவதென்றால் வழக்குப் போடுவது என்று அர்த்தமில்லை. கேட்பது. கேட்டுவிட்டு அந்த ஒரு லட்சத்தையே வாங்குவதென்று முடிவெடுத்தாலும் எடுக்கலாம், என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்கலாம்.

காசு இல்லை என்கிற கதை உண்மையான கதை. சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும், வழக்கும் பேசும். கிளிநொச்சியில் இருக்கிறது, வவுனியாவில் இருக்கிறது. எங்கள் சனத்துக்கு அது பிரிந்த குடும்பங்களின் தாபரிப்பு வழக்குக்கு மட்டும் என்று ஒரு எண்ணம். காயத்தோடும் போகலாம். தனியாரிடம் போனால் முதல் நாளே கட்டணம் எவ்வளவு, தவணைக்கு எவ்வளவு என்று கேளுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதைக் கேட்டதற்காகக் கோபிக்கிறவரிடம் இருக்கவேண்டியதில்லை. முதலாளி கூட்டிவருகிற லோயர் உங்களுடைய லோயர் இல்லை, எவ்வளவு அன்பாகக் கதைத்தாலும்.

விவசாயிக்குச் சம்பளச் சீட்டு இல்லை, என்ன உழைத்தார் என்று எதைக் காட்டுவது என்று நான் கேட்டேன். கமநல சேவை நிலையத்தில் வயல் பதிந்த விபரம், நெல் விற்ற துண்டுகள், ஜீ.எஸ்ஸின் கடிதம், உழவு மெசினுக்குக் கூலி கொடுத்த கணக்கு என்று சட்டத்தரணி ஒவ்வொன்றாகச் சொன்னார். மச்சாள் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். 2009 இல் முள்ளிவாய்க்கால்வரை அந்தப் பெட்டியைத்தான் அவர் தூக்கிக்கொண்டு போனவர். தாள் என்றால் எங்கள் பெண்கள் உயிரைப்போலக் காப்பார்கள். பெட்டிக்குள் இரண்டு போகத்து நெல் துண்டுகளும் ஒழுங்காக இருந்தன. ஓட்டோ ஹயருக்குத் துண்டு வாங்கவேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இந்தத் தாள்களை நான் பிரதி எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், வழக்கமாக வருகிற ஒரு ஐயா கடைக்குள் நின்றார். 2009 இல் மிதிவெடியில் கால் போனவர், யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் போட்ட காலோடு நடக்கிறார். என்ன விசயம் என்று கேட்டார், சொன்னேன். வழக்குப் போட வீட்டில் இன்னும் யோசிக்கிறார்கள் என்றும் சொன்னேன். “எனக்குப் போன காலுக்கு ஆரைக் கேக்கிறது எண்டு எனக்குத் தெரியாது தம்பி. உங்களுக்கு நம்பர் பிளேற்றே தெரியுது” என்றார். அதை நான் அப்படியே வீட்டில் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு அம்மா பகையைப் பற்றிக் கதைக்கவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. கணினியைத் திறந்து 2022 தை மாதக் கோவையில் அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அந்த அம்மாவின் பெயர்கூட எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. கடிதத்தில் இருந்தது. விலாசமும் இருந்தது, தருமபுரம் பக்கம். விபத்துத் திகதி 2021 மார்கழி. விரலை மடித்து எண்ணினேன். இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

அடுத்த நாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போனேன். இரண்டுதரம் வாசித்தார். “பொடியனுக்கு எத்தனை வயது?” என்று கேட்டார். கடிதத்திலேயே இருக்கிறது, நான்தான் அடித்தேன், 19. “கையெழுத்து?” தாய். அவர் என்னைப் பார்த்தார். 18 வயது கடந்த மகனுடைய உரிமையை, அவன் அதிகாரம் கொடுக்காமல், தாய் கையெழுத்து வைத்து விட்டுக்கொடுக்க முடியாது என்றார். வாங்கிய காசைக் கணக்கில் காட்டவேண்டி வரும், எதிர்ப்பக்கம் இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வரத்தான் செய்யும், ஆனாலும் கதவு சாத்தவில்லை. எல்லாக் கடிதத்திலும் இப்படி ஒரு ஓட்டை இருக்காது என்பதையும் சொன்னார். பெரும்பாலும் காயப்பட்டவனே கையெழுத்து வைத்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை தருமபுரம் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க நேரமெடுத்தது. பொடியன் முற்றத்து மாமரத்தின் கீழ் கதிரையில் இருந்து போன் திருத்திக்கொண்டிருந்தான், உயரமான செருப்பு ஒன்று ஒரு காலுக்கு மட்டும். அம்மா என்னை அடையாளம் பிடிக்கவில்லை. கடை என்றதும் பிடித்தார். நான் வந்த விசயத்தைச் சொல்வதற்கு முன், அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பிழையாகப் பதில் சொல்லிவிட்டேன் அம்மா என்று சொன்னேன். அவர் எந்தக் கேள்வி என்று கேட்டார். அவருக்கு அது ஞாபகமே இல்லை.

பொடியனின் வழக்கு 2023 ஐப்பசியில் போடப்பட்டது. அண்ணாவினுடையது அதற்கு முன்பே. இரண்டும் இன்னும் நடக்கின்றன, என்ன முடிவு வரும் என்று எழுதுகிற நேரம் இது இல்லை. தவணை நாட்களில் பொடியன் கடையில் வந்து இருப்பான், எனக்கு வராத போன் வேலைகளைச் செய்து தருவான்.

போன கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் வாகனத் திறப்பு, மற்றவர் கழுத்தில் கைத்தொட்டில். “கடிதமொண்டு அடிக்கவேணும் அண்ணை.” உட்காரச் சொன்னேன். திகதி அடித்தேன், இடம் அடித்தேன், “மேற்படி விபத்து தொடர்பாக” என்பதுவரை அடித்துவிட்டுக் கையை எடுத்தேன். தொட்டில் போட்டவரைப் பார்த்து, “கிளினிக் முடிஞ்சுதோ தம்பி?” என்று கேட்டேன். இல்லை, வாற மாதம் எக்ஸ்ரே எடுக்கவேணும் என்றார். “அப்ப அந்த எக்ஸ்ரேயோட ஒருக்கா லோயரிட்டப் போட்டு வாங்கோ. கடிதம் இதிலதான் இருக்கும், நான் அழிக்கமாட்டன்.” திறப்புக்காரருக்குக் கோபம், பக்கத்துக் கடைக்குப் போவோம் என்றார். தொட்டில் போட்டவர் எழும்பவில்லை. அந்த லோயர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.